எரியுதா, எரியலையா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி, முழங்கால் வலிக்குப் போய், எப்படியும் நாம் வளர்ந்த செராமிக் தெருவுக்குள் வந்து நின்றுவிடுகிறது. அப்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்து, "உனக்கென்னம்மா, உங்க வூட்ல அப்பவே காரு இருந்துச்சே" என்று சொல்லாமல் விட்டதில்லை. நான் சிரித்துவிட்டு, டீ போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். கார் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காரை யாராவது ஞாபகப்படுத்தினால் இந்த வயதிலும் எனக்கு முகம் சுருங்கிப்போகிறது. ஏன் என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் அந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் பாடு.

அது கறுப்பு நிறத்தில் ஒரு பழைய கார். எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு மூன்று கை மாறியிருந்தது. வெயில் ஏறினால் ரெக்ஸின் சீட்டு தொடையோடு ஒட்டிக்கொள்ளும், உரித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் நெடியும், யாரோ எந்தக் காலத்திலோ கொட்டிய ஜவ்வாது வாசனையும் கலந்து கிடக்கும். நம் தெருவின் வெள்ளைத் தூசிதான் உங்களுக்குத் தெரியுமே. ராத்திரி கறுப்பாக நிறுத்திய வண்டி காலையில் விபூதி பூசிக்கொண்டு நிற்கும். அப்பா ஈரத் துணியை உதறி உதறித் துடைப்பார். ஓட்டுகிற சீட்டுக்கு முதுகுக்கு வைக்க அம்மா ஒரு பூப்போட்ட திண்டு தைத்துக் கொடுத்திருந்தாள், உள்ளே இலவம்பஞ்சு. அந்தத் திண்டு எங்கே போனதோ தெரியவில்லை. காரைவிட அதைத்தான் நான் அதிகம் தேடியிருக்கிறேன்.

அப்பா பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். புகையும் தூசியும் போதும், இனிமேல் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறேன் என்று வேலையை விட்டார். காரை வாங்கியது அம்மாவின் பணத்தில். கம்மாபுரத்துப் பக்கம் அம்மாவின் பாகத்துக்கு வந்த நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கிடைத்த பணத்தில் வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்துத் தளம் போட வேண்டும் என்று அம்மா நினைத்திருந்தாள். அப்பா கார் என்றார். கார் வந்தது. மழை வந்தால் கூடத்தில் எங்கெங்கே குண்டான் வைக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடமாகவே இருந்தது.

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த மௌனம்தான் அப்பாவைக் குடைந்தது என்று இப்போது தோன்றுகிறது. சண்டை போட்டிருந்தால் சண்டையோடு போயிருக்கும். பேசாமல் இருக்கிறவள் உள்ளுக்குள் என்னவோ வைத்திருக்கிறாள் என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஓட்டுவதில் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. வண்டி நின்றது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பார். பிரேக்கை மிதிக்கவே மாட்டார், தூங்குகிற குழந்தையின் முதுகைத் தொடுகிற மாதிரி காலை வைப்பார். பிரசவத்துக்குப் போகிற பெண்களின் வீட்டார் அவர் வண்டியைத்தான் தேடி வருவார்கள். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. எனக்கும்தான்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. மாசி மகத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடைத்தெருவில் பின்னாலேயே வந்த ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து, அண்ணே, உங்க வண்டியில பிரேக் லைட்டு எரியல என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்பு போயிருக்கும் என்று இரண்டு பக்கமும் புது பல்பு வாங்கிவந்து போட்டார். போட்டது எரிகிறதா என்று பார்க்க ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டுமே. பிள்ளைகளை வண்டிக்குப் பின்னால் நிற்க விடமாட்டார், தவறி வண்டி உருண்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். அப்பா சாவியைத் திருப்பிப் பிரேக்கில் கால் வைத்தார்.

"எரியுதா?"

"எரியலைங்க."

அப்பா இறங்கி ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. விளக்கைக் கழற்றித் துருவைச் சுரண்டி, ஒயரைப் புதிதாக முறுக்கி மாட்டினார். மறுபடியும் காலை வைத்தார். மறுபடியும் எரியவில்லை என்றாள் அம்மா. அப்போது எதிர் வீட்டுக்காரர் சூளை வேலை முடிந்து தூசித் தலையோடு வந்தார். அவரைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னார் அப்பா. எரிச்சலில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

"எரியுதேண்ணே. நல்லாத்தான் எரியுது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போ எரிஞ்சது தெரியுது, முன்னாடி எரியல என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு இதேதான். காலையில் அம்மாவை நிறுத்தி வழக்கம்போல மெல்லக் கால் வைப்பார், எரியலைங்க என்பாள். டிக்கி மூடிக்குள் போகிற ஒயரைப் பிரிப்பார், ஒட்டுவார். மறுபடியும் எரியலைங்க. கோபம் வரும். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஓங்கி மிதிப்பார். எரியுதுண்ணே. இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் அப்பாவுக்கு ஒருத்தர் சொன்னது மட்டும்தான் உண்மையாகப் பட்டது.

ஒருநாள் குழாயடியில் கூட்டம் இருக்கும்போதே அது வெடித்தது.

"உன் நெலத்துப் பணத்துல வாங்கின வண்டின்னு உனக்கு வயித்தெரிச்சல். இது ஓடக் கூடாது, நான் விக்கணும், அதானே உனக்கு? அதுக்குப் போயி வாய் கூசாம பொய் சொல்ற."

அம்மா எழுந்து நின்றாள். புடவையில் மண் ஒட்டியிருந்தது. "எரிஞ்சா எரியுதுன்னு சொல்றேன்ங்க. எரியாதத எப்படிச் சொல்வேன்?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

குடங்களில் தண்ணீர் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் உங்களில் சிலருடைய அம்மாக்களும் இருந்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்ததும் ஒரு பக்கம் "எரியுதா?" என்று கேட்க, இன்னொரு பக்கம் "எரியலைங்க" என்று இழுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். யார் யார் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே ஞாபகம் இருக்கும். நான் செங்கல் சுவரின் காரையைச் சுரண்டிக்கொண்டு நின்றிருந்தேன். அப்பா மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. எங்கள் வீட்டுக் கதவு உடைந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தெரு எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மாசி மகத்துக்கு அம்மாவின் தம்பி வந்திருந்தார். எனக்குச் சின்ன மாமா. கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த நிலத்தில் உளுந்து போட்டிருந்தார். ஆற்றில் குளித்து, கோயிலுக்குப் போய், பொரிகடலை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் எல்லோரும் அவர் ஊருக்குக் கிளம்பினோம். நாங்கள் காரில், மாமா மொபெட்டில். அந்த ஊர் வழி அப்போது பாதி ரோடு, பாதி பள்ளம். சுரங்கத்துக்காகத் திருப்பிவிட்ட பாதை. அதனால் காரின் பின்னாலேயே வருவதாக மாமா சொன்னார்.

கிளம்பும்போது அம்மா ஜன்னல் வழியாக அவரைக் கூப்பிட்டு, ஒட்டி வராதடா, பின்னாடி லைட்டு எரியறதில்ல என்று சொன்னாள். அப்பா அதற்குள் சிரித்தார்.

"உங்கக்கா பேச்சக் கேக்காத மச்சான். லைட்டெல்லாம் ஜோரா எரியுது. தெருவே சாட்சி."

மாமா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். அவருக்கு அப்பா என்றால் உயிர். வாய் நிறைய மாமா, மாமா என்று கூப்பிடுவார். அவர் அப்பாவைத்தான் நம்பினார்.

ஊருக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அப்பா எப்போதும்போல, யாருக்கும் தெரியாதபடி வண்டியை நிறுத்தினார். மடியில் இருந்த பொரிகூடச் சிந்தவில்லை. ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து இடித்தது. தகரம் நசுங்குகிற சத்தத்தோடு மாமாவின் குரலும் கேட்டது. அது அவர் குரல் என்றே எனக்கு முதலில் தெரியவில்லை.

மொபெட் வலது பக்க விளக்கில் மோதிச் சாய்ந்திருந்தது. சிவப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாமாவின் கால் மொபெட்டுக்கு அடியில், இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஆடு மேய்த்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள் என்று ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, லைட்டே எரியல மாமா, வண்டி நிக்கிறதே தெரியல என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷமாக வாய் வரவில்லை. அப்பா முதலில் மாமாவைத் தூக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, பின்னால வர்றவன்தானே பாத்து வரணும் என்றார். போய்க் காரில் உட்கார்ந்தார். பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். இடது பக்கம் சிவப்பாகப் பளீரென்று எரிந்தது.

"எரியுதேப்பா" என்றார் கூட்டத்தில் ஒருத்தர். திருவிழாவுல ஊத்திக்கிட்டு வந்திருப்பான் என்று இன்னொருத்தர் சொன்னார். சின்ன மாமா பீடிகூடத் தொடாதவர். மண்ணில் கிடந்தபடி அந்த விளக்கையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். தம்பி குடிக்க மாட்டான் என்றுகூட அவள் சொல்லவில்லை. பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்கு ஒரு வாரமாகத் தெரிந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். உளுந்து பிடுங்குகிற நேரத்தில் மாமா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கூலிக்கு ஆள் கிடைக்காமல் பாதி நெற்று காட்டிலேயே வெடித்துச் சிதறியது. அம்மா விடியற்காலை பஸ்ஸில் போய்த் தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பொழுது சாயத் திரும்பிவருவாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் அப்பா. அம்மா பஸ்ஸுக்கு நடந்தாள்.

அப்பா உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றினார். எதுவுமே நடக்காத மாதிரி நடந்துகொள்ள முயன்றார், முடியவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு, பழைய பட்டறைக்கு ஒரு சவாரி பேசப் போனார். பட்டறைப் பின்சுவர் வெள்ளை அடித்த பெரிய சுவர். வெயில் இறங்கி அது பால் மாதிரி இருந்தது. நிழலுக்காக அப்பா அந்தச் சுவரை நோக்கிப் பின்னால் எடுத்தார். நான் பின் சீட்டில் மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மெதுவாகக் கால் வைத்து நிறுத்தினார். சுவர் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தார். ஒரு நாய்க்குட்டி குறுக்கே ஓட, சடாரென்று மிதித்தார்.

சுவர் சிவந்தது.

"அப்பா, இப்ப எரியுது" என்றேன்.

அவரும் கண்ணாடியில் பார்த்துவிட்டார். காலை எடுத்தார். மெல்ல வைத்தார். வெள்ளை. ஓங்கி மிதித்தார். சிவப்பு. மெல்ல வைத்தார். வெள்ளை. எத்தனை தடவை செய்தார் என்று தெரியாது. பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பட்டறைக் குழாயில் முகம் கழுவினார். துடைக்காமலே வந்து உட்கார்ந்தார். சட்டைக் காலர் நனைந்தது.

"உங்கம்மா பொய் சொல்லல" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

பழைய வண்டிகளில் பிரேக் எண்ணெய் போகிற குழாயில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். காலை அமுக்கினால் எண்ணெய் உந்தும், அந்த உந்தலில் உள்ளே தகடு தொட்டு விளக்கு எரியும். தேய்ந்துபோன சுவிட்சுக்கு லேசான உந்தல் போதாது, ஓங்கி மிதித்தால்தான் தொடும். பல்பிலும் ஃபியூஸிலும் ஒயரிலும் ஒரு வாரம் தேடியது கடைசியில் அவர் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது சுவிட்ச் வாங்கி அவரே மாட்டினார். கையெல்லாம் பிரேக் எண்ணெய் நாற்றம். சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த நாற்றத்தோடேயே என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில், மாமா ஊருக்குப் போனார். அன்றைக்கு அம்மா போகவில்லை, வீட்டில் இருந்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டிருந்தார். கட்டு கனத்ததால் காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தார்.

"எங்கிட்ட ஏன் மாமா சொல்றீங்க? அக்காகிட்ட சொன்னீங்களா?"

 அப்பா, அத்தை கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

மாமாவின் கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கடைசி வரை சாய்ந்துதான் நடந்தார். கல்யாண வீடுகளில் அவர் பந்திக்கு நடந்து வரும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கார் அந்த வருஷமே மங்கலம்பேட்டையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தருக்குக் கைமாறியது. விற்கச் சொல்லி அம்மா கேட்கவே இல்லை. தளம் போட்டது நான் கல்யாணமாகிப் போன பிறகு.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு, மாமா ஊரிலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம் நடந்தது.

அப்பா நேராக வந்து காரில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். மெல்ல, எப்போதும்போலக் காலை வைத்தார். உள்ளே பார்த்து, கொஞ்சம் வந்து பாரு என்று கூப்பிட்டார். அம்மா வாசற்படி வரைக்கும் வந்தாள்.

"எதிர் வூட்டுத் தம்பியக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

குழாயடியில் பேச்சு நின்றுபோனது. எதிர் வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்க வேண்டும், சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். பின்னால் ஒரு பார்வை பார்த்தார். "எரியுதுண்ணே. நல்லா எரியுது" என்றார்.

அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"உன்னக் கேக்கல தம்பி" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "எரியலன்னு அவ சொன்னதுதான் நெசம். நாந்தான் நம்பல. மச்சான் காலு போனது என்னாலதான். அவ வந்து சொல்லட்டும்."

யாரும் நகரவில்லை. எனக்குத் தெருப் புழுதிக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. அப்பா அம்மாவைத் திட்டியபோது எப்படிக் கூசினேனோ, அப்படியேதான் இப்போதும் கூசினேன். அவர் செய்தது சரியென்று தெரிந்தும் கூசியது. ஒரு பெரிய மனுஷர் தெருவின் நடுவில், பிரேக்கில் கால் வைத்தபடி, எழுந்திருக்கவும் முடியாமல் காத்திருந்தார். எதிர் வீட்டுக்காரரும் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

அம்மா உடனே வரவில்லை. சோறு வடிக்கிற வாசனை தெரு வரைக்கும் வந்தது. வடித்து முடித்து, பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் வந்தாள். வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். மறுபக்கம் நகர்ந்து, கையால் மறைத்து வெளிச்சத்தை ஒதுக்கிக்கொண்டு பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"எடது பக்கம் எரியுது. வலது பக்கம் எரியலைங்க" என்றாள்.

எதிர் வீட்டுக்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அப்பா இறங்கினார். பின்னால் வந்து விளக்கைப் பார்க்கவில்லை. இன்னொருத்தரை மிதிக்கச் சொல்லிச் சரிபார்க்கவும் இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, அம்மா நகர்ந்துகொடுத்த இடத்தில் உட்கார்ந்து, வலது பக்கக் கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தார்.